பேசி வாங்கின கால்

தன் மகனை அவர்கள் சுடுவதற்கு நாள் பேசி முடித்துவிட்டு என்னோடு திரும்பி வந்த என் அக்கா யூனா, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டில் நின்று உருளைக்கிழங்கு உரித்தாள்.

"வியாழக்கிழமை மத்தியானம்," என்றாள். "நீதான் வண்டி ஓட்டணும் நோரீன். என் கை நிக்காது."

மேற்கு பெல்ஃபாஸ்டில் எங்கள் தெருக்களுக்கு இது புதிதில்லை. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி பிரிட்டிஷ் ராணுவம் போன பிறகும், அந்த ராணுவத்தோடு சண்டை போட்டவர்களில் துப்பாக்கியைக் கீழே வைக்காதவர்கள் சிலர் இருந்தார்கள். எங்களுக்குப் போலீஸும் அவர்கள்தான், நீதிபதியும் அவர்கள்தான். ஒரு பையன்மேல் அவர்களுக்குக் கோபம் என்றால் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். இன்ன நாள், இன்ன சந்து, நீயே கூட்டிக்கொண்டு வா. கூட்டிப்போனால் காலில் ஒரு குண்டு. போகாவிட்டால் வீடு தேடி வருவார்கள். அப்போது எங்கே, எத்தனை என்பது அவர்கள் இஷ்டம்.

கார்மாக்குக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூரைக்கு ஓடு போடுகிற வேலை. வாய் நீளம், கை அதைவிட நீளம். மீன் வறுவல் கடை வாசலில் ஒருத்தனோடு தகராறு. கீழே விழுந்தவனை விடாமல் முகத்திலேயே மிதித்தான். அந்தப் பையன் பல்லைத் துப்பினான், அப்புறம் தாடையைக் கம்பியால் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் டின்னியின் அக்கா மகன் என்பது கார்மாக்குக்கு மிதித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. டின்னிதான் எங்கள் பகுதியில் அந்தத் துப்பாக்கிக்காரர்களுடைய வாய். 'கார்மாக் போதை மாத்திரை விற்கிறான், அதற்குத்தான் தண்டனை' என்று தெருவெல்லாம் சொல்ல வைத்தான். என் அக்கா மகன் யோக்கியன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை விற்றதில்லை.

டின்னியிடம் பேசப் போனபோது நானும் கூட இருந்தேன். குதிரைப் பந்தயக் கடைக்கு மேலே ஓர் அறை. அவன் டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, பஞ்சாயத்துக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தான்.

"எந்தக் கால்?" என்று யூனா ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் சுடுறவன் பாத்துப்பான்."

"அவன் பாக்க வேணாம். இடது கால். ஏணி ஏறும்போது என் பையன் வலது காலைத்தான் முதல்ல வைப்பான்."

"சரி, இடது."

"முட்டியா, சதையா?"

டின்னி சிரித்தான். "என்னம்மா, கறிக்கடைக்கு வந்த மாதிரி கேக்கிற?"

"கறிக்கடையிலயும் கேட்டாத்தான் நல்ல துண்டு கிடைக்கும். கெண்டைச்சதை. எலும்பு படக்கூடாது. எந்தத் துப்பாக்கி, சின்னதா பெருசா? சுடப்போறவன் குடிச்சிருப்பானா? இதுக்கு முன்னாடி சுட்டிருக்கானா? ஆம்புலன்ஸுக்கு நான் எப்ப போன் பண்ணலாம்? சத்தம் கேட்ட உடனேயா, இல்ல நீங்க போனப்புறமா?"

ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. மழுப்பினால் அவள் மறுபடி கேட்டாள். குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. கடைசியில் டின்னி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "யூனா, உன்ன மாதிரி ஒருத்தி எங்க பக்கம் இருந்திருந்தா நாங்க எப்பவோ ஜெயிச்சிருப்போம்," என்றான்.

வியாழக்கிழமை கார்மாக்குக்கு வலி மாத்திரையும் அரை பாட்டில் வோட்காவும் கொடுத்தாள். நான் வண்டியை ஓட்டினேன். கார் கொட்டகைகளுக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கிற சந்து அது. முகமூடி போட்ட இரண்டு பேர். எங்களைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு அவனைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். படுத்தான். கன்னம் ஈரத் தரையில் ஒட்டியிருந்தது.

துப்பாக்கி பிடித்தவனுக்கு வயது இருபதுகூட இருக்காது. கை ஆடுவது எங்களுக்கே தெரிந்தது. விசையை இழுத்தான், க்ளிக் என்றது, வெடிக்கவில்லை. அந்தச் சத்தத்தில் கார்மாக் துடித்துத் திரும்பினான். அவன் திரும்பிக்கொண்டிருந்தபோதே இரண்டாவது இழுப்பு வெடித்தது. கெண்டைச்சதையில் இல்லை. முட்டிக்குப் பின்னால்.

கார்மாக் போட்ட சத்தத்தை எழுத என்னிடம் எழுத்து இல்லை. யூனா ஓடினாள். ரத்தம் வழியவில்லை, பீய்ச்சியது. எதிர்ச் சுவர்வரை அடித்தது. அவள் இரண்டு கையாலும் ஓட்டையைப் பொத்த, விரல் இடுக்கிலெல்லாம் கொப்பளித்தது. சுட்டவன் முகமூடியைத் தூக்கிக்கொண்டு வாந்தி எடுத்தான். "சதைன்னுதானடா சொன்னான்! சதைன்னு சொன்னானடா!" என்று யூனா அவனைப் பார்த்துக் கத்தினாள். இன்னொருத்தன் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். என் கழுத்துத் துண்டைக் கார்மாக்கின் தொடையில் கட்டி, குச்சி செருகி, அவன் அலற அலற நான் முறுக்கினேன். ஆம்புலன்ஸ் வரும்போது அவன் உதடு வெளுத்துப் போயிருந்தது.

உயிர் பிழைத்தான். தொடையிலிருந்து ஒரு ரத்த நாளத்தை எடுத்து, அறுந்த ரத்தக்குழாயில் வைத்துத் தைத்தார் சர்ஜன் மிஸ்டர் கில்லஸ்பி. அவர் எங்களைப்போலக் கத்தோலிக்கர் இல்லை, நகரத்தின் அந்தப் பக்கத்துக்காரர், புராட்டஸ்டண்ட். ஆனால் இந்த மாதிரிக் கால்களை வருஷக்கணக்காகத் தைத்தவர். ஒல்லி, உயரம், மெதுவான பேச்சு. அவர் வார்டுக்குள் வந்தாலே யூனா எழுந்து நின்றுவிடுவாள்.

அதுதான் எனக்குப் புரியவே இல்லை. மாதா கோவிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வருவாள். அவர் ஏதோ சொல்வார். "சரிங்க சார். ரொம்ப நன்றிங்க சார்." அவ்வளவுதான். டின்னியை உரி உரியென்று உரித்தவள், இவர் முன்னால் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையாட்டினாள். நானும் ஒன்றும் பெரிசாகக் கேட்கவில்லை. படித்தவர், அவருக்கு எத்தனையோ நோயாளி, நாம் கேட்டு எரிச்சல் படுத்தினால் பையனைக் கவனிக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயம்.

ஒருநாள், "இப்போதைக்கு கன்சர்வேட்டிவா போகலாம்னு பாக்கறோம்," என்றார்.

அவர் போனதும் யூனா என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்தாள். "கன்சர்வேட்டிவா? லண்டன்ல இருக்கிற அந்தக் கட்சிக்காரனுங்களுக்கும் என் பையன் காலுக்கும் என்னடி சம்பந்தம்?"

"இவரு அவனுங்களுக்குத்தான் ஓட்டுப் போடுவாரு போல," என்றேன். அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தோம். கேட்டிருக்கலாம். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். இப்போதைக்குக் கத்தி வைக்காமல் பொறுத்துப் பார்ப்பது என்று அதற்கு அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது இதைவிட மோசம். ஒரு காலையில் மிஸ்டர் கில்லஸ்பி நடந்துகொண்டே சொன்னார். "கல்ச்சர் பாசிட்டிவ் வந்திருக்கு. மருந்தை மாத்தறோம்."

யூனா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கடவுள் உங்களை நல்லா வைக்கட்டும் சார்!"

அவர் ஒரு கணம் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவள் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, தெருவெல்லாம் சொல்லி, க்ரீம் கேக் வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுத்தாள். கார்மாக் கேக்கைத் தொடவில்லை.

"மா, என் கால் நாறுது."

"அது மருந்து வாடைடா."

"எனக்கு மருந்து வாடை தெரியாதா? செத்த எலி வாடை மா இது."

"டாக்டர் பாசிட்டிவ்னு சொல்லிட்டாருடா. வாய மூடு."

மறுநாள் மிஸ்டர் கில்லஸ்பி மாணவர்கள் புடைசூழ வந்து கட்டைப் பிரித்தார். பிரித்ததும் பின்னால் நின்ற ஒரு மாணவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். தொடை பக்கம் சிவப்பு, கெண்டை பக்கம் கருப்பு. அவர் கட்டைத் திரும்ப மூடிவிட்டு, "இன்னைக்கே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகணும். செத்த திசுவை எடுக்கணும். காலையே எடுக்க வேண்டியும் வரலாம், அதுக்கும் சம்மதம் வாங்கிடுங்க," என்று பக்கத்திலிருந்த இளம் டாக்டரிடம் சொல்லிக்கொண்டே திரும்பினார்.

"எதை எடுக்கணும்?" யூனாவின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நேத்து பாசிட்டிவ்னு சொன்னீங்களே?"

"ஆமா. அதனாலதான்..."

பக்கத்துக் கட்டில்காரரின் ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் அதை எப்போது எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. மிஸ்டர் கில்லஸ்பியின் நெற்றியில் அது இறங்கியதைத்தான் பார்த்தேன். கண்ணாடி நொறுங்கியது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அவர் கட்டில் கம்பியைப் பிடித்தபோது விரல்மேல் இரண்டாவது அடி. "பொய்காரா! கேக் வாங்கிக் குடுத்தேனடா! ஊரெல்லாம் சொன்னேனடா!" மூன்றாவது அடி தோளில்.

காவலாளிகள் பாய்ந்து அவளைத் தரையில் குப்புறத் தள்ளினார்கள். ஒருத்தன் அவள் முதுகில் முட்டியை ஊன்றினான். நான் அவன் முடியைப் பிடித்து இழுத்தேன். அவன் முழங்கையை வீசினான், என் உதடு கிழிந்தது. கட்டிலில் கார்மாக் வெறி பிடித்தவன்போலக் கத்தினான். "எங்கம்மாவ விடுங்கடா! விடுங்கடா நாய்ங்களா!" கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழப்பார்த்தவன், அழுகின காலோடு தடாரென்று தரையில் விழுந்தான். கட்டுக்குள்ளிருந்து கருப்புத் தண்ணீர் தரையில் பரவியது.

யூனா குப்புறக் கிடந்தபடியே அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். மகன் முகம் அவள் முகத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"இதான் மா நான் சொன்னது," என்றான்.

காவலாளிகள் எங்களை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். யூனாவின் கன்னம் தரையில் உரசித் தோல் போயிருந்தது. போலீஸ் வரும் என்று காத்திருந்தோம். வந்தது மிஸ்டர் கில்லஸ்பி. புருவத்தில் தையல், இரண்டு விரல் சேர்த்துக் கட்டு, சட்டைக் காலரில் காயாத ரத்தம். கூடவே தலைமை நர்ஸ் வில்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"இவங்ககிட்ட பேச வேணாம்னு சொன்னேன்," என்றாள் வில்மா எங்களைப் பார்த்து. "கேக்க மாட்டேங்கிறாரு."

"ஆபரேஷன் வேற ஒருத்தர் செய்வார். என் கை இன்னைக்கு ஆகாது," என்றார் அவர். "ஆனா எதுக்கு அடிச்சீங்கன்னு எனக்குத் தெரியணும். பாசிட்டிவ்னா நீங்க என்ன நினைச்சீங்க?"

யூனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. கிழிந்த உதட்டோடு நான்தான் சொன்னேன். டின்னியின் அறையில் அவள் கேட்டது ஒவ்வொன்றையும் சொன்னேன். எந்தக் கால், எந்தச் சதை, எந்தத் துப்பாக்கி, எல்லாம். "துப்பாக்கி வெச்சிருக்கிறவன்கிட்ட இத்தனை கேட்டவ இவ. உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டாளா? ஏன்னு யோசிச்சீங்களா? அவனைவிட உங்களைப் பாத்துத்தான் இவளுக்குப் பயம்."

மிஸ்டர் கில்லஸ்பி, "நேத்து இவங்க என் கையைப் பிடிச்சப்ப எதோ தப்பா இருக்குன்னு எனக்குப் பட்டுது. கேக்காமப் போயிட்டேன்," என்றார். அதற்கு மேல் சமாதானம் சொல்லவில்லை. "வாங்க. பையன்கிட்ட போவோம். அவன் காலு. அவன் இல்லாம நாம பேசக்கூடாது. நேரம் அதிகம் இல்ல, ஆனா பேசுறதுக்கு இருக்கு."

கார்மாக்கின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, மிஸ்டர் கில்லஸ்பி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றுதான் முதல் தடவையாக அவர் உட்கார்ந்து பார்த்தோம். பேனாவை எடுத்துப் படுக்கை விரிப்பிலேயே ஒரு காலை வரைந்தார்.

"குண்டு இந்தக் குழாயை அறுத்துச்சு. தைச்சோம். ஆனா ரத்தம் போகாம இருந்த நேரத்துல இந்தச் சதையெல்லாம் செத்துப்போச்சு. செத்த சதைல கிருமி ஏறியிருக்கு. கல்ச்சர்னா கிருமி இருக்கான்னு பாக்கற டெஸ்ட், பாசிட்டிவ்னா இருக்குன்னு அர்த்தம். கெட்ட செய்தி. நான் அதைச் சொல்லவே இல்ல. இப்ப ரெண்டு வழி. ஒண்ணு, செத்ததை மட்டும் வெட்டி எடுத்துட்டு காலைக் காப்பாத்தப் பாக்கறது. ஒரு தடவை வெட்டினாப் போதாது. மறுபடி மறுபடி. தோல் எடுத்து ஒட்டணும். வருஷக்கணக்கா ஆகலாம். கால் நின்னாலும் பாதத்துல உணர்ச்சி இருக்காது. அவ்வளவும் பட்டு கடைசியில எடுக்கவும் வேண்டி வரலாம். இன்னொண்ணு, முட்டிக்குக் கீழ இப்பவே எடுத்துடறது. செயற்கைக் கால் போட்டு நடக்கலாம். ஆனா போனது போனதுதான். இல்லாத பாதம் வலிக்கும், சில பேருக்கு ஆயுசுக்கும். ஒண்ணும் செய்யாம விட்டா, கிருமி ரத்தத்துல ஏறி செத்துருவான்."

பிறகு யூனா பக்கம் திரும்பினார். "நான் சொன்னதை உங்க வார்த்தையில ஒரு தடவை சொல்லுங்க."

"பரீட்சை வைக்கிறீங்களா?" முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பரீட்சை எனக்கு. நேத்து ஃபெயிலாயிட்டேன்."

யூனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மருந்து குடுத்தா... கொஞ்சம் வெட்டினா... கால் பழையபடி வந்துடும். நாள்தான் ஆகும்."

"இல்ல. நான் இன்னும் சரியா சொல்லல." மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை பாதத்தின்மேல் பேனாவால் குறுக்குக் கோடு போட்டார். "பழையபடி வராது. எந்த வழியில போனாலும் பழைய கால் கிடையாது."

அதைக் கேட்டதும்தான் அவளுக்குள் இருந்த யூனா வெளியே வந்தாள். யார் வெட்டுவது? எவ்வளவு தூரம் எடுப்பார்கள்? முட்டி நிற்குமா? காலை வைத்துக்கொண்டால் அதே கிருமி திரும்ப வருமா? வந்தால் அப்போது முட்டியும் போகுமா? அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இரண்டு இடத்தில், "எனக்குத் தெரியாது," என்றார். அந்த இரண்டு பதிலைக் கேட்ட பிறகுதான் அவள் அவரை நம்ப ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன்.

"அப்ப காலைக் காப்பாத்தற வழியையே பாருங்க," என்றாள். "எத்தனை வருஷம் ஆனாலும் சரி. நான் பேசி வாங்கின கால் சார் அது."

"எவன்கிட்ட பேசி வாங்கின?" என்றான் கார்மாக்.

நாங்கள் திரும்பினோம். காய்ச்சலில் அவன் கண் மினுமினுத்தது.

"டின்னிகிட்ட பேசின. இடதா வலதான்னு பேசின. எந்தச் சதைன்னு பேசின. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா மா? வண்டில ஏத்தி, வோட்கா ஊத்தி, ஆட்டைக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போனியே. கப்பல் ஏறி ஓடிடறேன்னு நான் சொல்லியிருப்பேன்ல? கேட்டியா?"

"ஓடினா உன்னைக் கொன்னுருப்பாங்கடா!"

"அதை நான் முடிவு பண்ணியிருப்பேன்!" அவன் பக்கத்து மேசையைக் கையால் அடித்தான். தண்ணீர் ஜாடி பறந்து யூனாவின் மார்பில் பட்டுக் கொட்டியது. அவள் நகரவில்லை. ஈரக் கோட்டோடு நின்றாள். வில்மா முன்னால் வரப்பார்த்தாள். மிஸ்டர் கில்லஸ்பி கையை நீட்டித் தடுத்தார்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு அவன் அவரிடம் கேட்டான். "உங்க பையனா இருந்தா என்ன செய்வீங்க?"

"என் பையனுக்கு எது முக்கியம்னு எனக்குத் தெரியும். உனக்கு எது முக்கியம்னு எனக்குத் தெரியாதே. சொல்லு."

"இனிமே ஒருத்தனும் என்னை வந்து வந்து வெட்டக்கூடாது. நான் குப்புறப் படுத்துக்கிட்டு, இப்ப வருமா அப்ப வருமான்னு காத்துக்கிட்டு இருக்கக்கூடாது. அந்தச் சந்துல க்ளிக்னு ஒரு சத்தம் கேட்டுது. அந்தச் சத்தத்துக்கும் குண்டுக்கும் நடுவுல இருந்தது இருக்கே, அதை வருஷக்கணக்கா என்னால வாழ முடியாது. ஒரே தடவை. நான் சொல்லி. அதோட முடியணும். எடுத்துடுங்க."

"கூரை வேலைக்குத் திரும்பப் போக முடியாமப் போகலாம்," என்றார் அவர்.

"தெரியும்."

"வலி முடியாமப் போகலாம்."

"அதையும்தான் சொன்னீங்களே."

"என்ன நடக்கப்போவுதுன்னு உன் வார்த்தையில சொல்லு."

அவன் சொன்னான். ஒன்றையும் விடாமல், தன் காலின் எந்த இடத்தில் கத்தி வைப்பார்கள் என்று கையால் காட்டிச் சொன்னான். யூனா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் ஏதாவது சொல்வாள், தடுப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். குனிந்து, விழுந்த ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "சரிடா," என்றாள். அவ்வளவுதான். அவனே கையெழுத்துப் போட்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் கால் போய்விட்டது. கிருமி நின்றது, முட்டி நின்றது. ஆனால் நல்லபடியாக முடிந்தது என்று நான் சொன்னால் அது பொய். வீட்டுக்கு வந்த கார்மாக் இல்லாத கால் விரல்கள் முறுக்குகின்றன என்று ராத்திரியெல்லாம் கத்தினான். தட்டை எறிந்தான், கதவைக் குத்தி விரல் எலும்பை உடைத்துக்கொண்டான், பயிற்சி கொடுக்க வந்தவளை வாயில் வராத வார்த்தையெல்லாம் சொன்னான். அவள் அடுத்த நாளும் வந்தாள். யூனாவிடம் மட்டும் குரலை உயர்த்தவில்லை. அவளோடு பேசவே இல்லை என்பதுதான் சரி.

போலீஸ் யூனாமீது வழக்குப் போட்டது. மிஸ்டர் கில்லஸ்பி கோர்ட்டுக்கு வந்து, தன் தரப்பில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னார். எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். வில்மா மட்டும் கடைசிவரை அவளை மன்னிக்கவில்லை. "அவருக்கு அந்த விரல் இன்னும் சரியா மடங்க மாட்டேங்குது," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். அதுவும் நியாயம்தான்.

பிறகு ஒருநாள் டின்னி வந்தான். திராட்சைப் பழப் பை ஒன்றைச் சமையல்கட்டு மேசைமேல் வைத்தான்.

"பையன் புதுசு யூனா. கை ஆடிடுச்சு. அவங்க வருத்தத்தைச் சொல்லச் சொன்னாங்க. கணக்கு முடிஞ்சுபோச்சு. இனிமே கார்மாக்கை யாரும் தொட மாட்டாங்க."

யூனா அடுப்பிலிருந்து கெட்டிலை எடுத்தாள். டீ போடப்போகிறாள் என்று அவன் நாற்காலியை இழுத்தான். கொதிக்கிற தண்ணீரை அவன் தோளிலும் கழுத்திலும் கவிழ்த்தாள். அவன் அலறிக்கொண்டு சட்டையைப் பிய்த்தான். தோலும் சேர்ந்து வந்தது. அவள் வெறும் கெட்டிலால் அவன் தலையில் அடிக்க ஓங்கினாள். உள்ளறையிலிருந்து கார்மாக் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தான். விழுந்த வேகத்தில் வெட்டின முனை தரையில் இடித்து, "அய்யோ" என்று சுருண்டுவிட்டான்.

"போதும் மா," என்றான் தரையில் கிடந்தபடி. "போதும். இதுக்கும் என் பேரைச் சொல்லித்தான் எவனாவது வருவான்."

மாதக்கணக்கில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

வந்தார்கள். அந்த வாரமே முன் ஜன்னலையெல்லாம் உடைத்தார்கள், யூனாவின் கதவில் பெயின்ட் ஊற்றினார்கள், என் காரைக் கொளுத்தினார்கள். கொஞ்ச நாளில் எங்கள் தெருவின் கடைசி வீட்டு மொய்ரா, வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி வந்தாள். அவள் மகன் ஷோனைக் கூட்டிவரச் சொல்லியும் ஆள் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை, அதே சந்து.

"உனக்குத்தான் அவனுங்ககிட்ட பேசத் தெரியும் யூனா. எனக்காக ஒரு தடவை வந்து பேசு. சதையிலயாவது சுடச் சொல்லு."

"ஷோன் என்ன சொல்றான்?" என்றாள் யூனா.

"அவன் என்னத்த சொல்றது? பயந்து நடுங்கிட்டுக் கிடக்கிறான்."

"போய்க் கேளு."

மொய்ரா போய்க் கேட்டாள். அவன் போய்விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஊரை விட்டே.

நான் பேக்கரிக்காரனிடம் வண்டியை இரவல் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை, ரொட்டித் தட்டுகளுக்குப் பின்னால் ஷோன் சுருண்டு படுத்துக்கொண்டான். யூனா அவன் பக்கத்தில் ஏறினாள். கிளம்புகிற நேரத்தில் கார்மாக் ஒரு பையோடு வந்து முன் இருக்கையில் ஏறினான். செயற்கைக் காலைத் தொடையின் குறுக்கே வைத்துக்கொண்டான். அன்றைக்கு முனை வீங்கியிருந்தது, போட முடியவில்லை.

"நீ எங்கடா?" என்றாள் யூனா.

"கடலுக்கு அந்தப் பக்கம், கிளாஸ்கோல கிரேன் ஓட்டக் கத்துக் குடுக்கிறாங்க. மேல ஏற லிஃப்ட் இருக்காம். நேத்தே முடிவு பண்ணிட்டேன் மா."

தெரு முனையில் இரண்டு பேர் குறுக்கே நின்றார்கள். ஒருத்தன் கையில் சுத்தியல். நான் நிறுத்தவில்லை. முன் கண்ணாடி உடைந்து என் மடியில் கொட்டியது, சுத்தியல்காரன் தோள் பக்கக் கதவில் மோதித் தெறித்தது. கண்ணாடித் துண்டு என் நெற்றியைக் கிழித்தது. கார்மாக் ஒரு கையால் என் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "நேரா போ சித்தி, நேரா போ," என்று கத்தினான். துறைமுகம்வரை காற்று நேராக முகத்தில் அடித்தது.

கப்பலுக்கு ஏறும் சரிவில் ஷோன் அவன் பையைத் தூக்கிக்கொண்டான். கார்மாக் ஊன்றுகோலோடு பின்னால் போனான். பாதி வழியில் நின்று திரும்பினான். யூனா கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"மா, ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்," என்றான். "எடு."